மருந்து கேட்டு வந்த இலைகள்

உரக்கடையில் நிற்கிறவனுக்கு ஆள் முகம் அப்புறம்தான் தெரியும். முதலில் தெரிவது அந்த ஆள் கையில் இருக்கிற இலை. எங்கள் பக்கத்தில் யாரும் கடைக்கு வந்து நோயின் பெயரைச் சொல்வதில்லை. வயலில் இறங்கி, வாடினதில் ஒன்றைப் பிடுங்கி, சட்டைப் பையில் வைத்தோ துண்டு முனையில் முடிந்தோ கொண்டுவந்து, கண்ணாடி மேசைமேல் போட்டுவிட்டு நம் வாயைப் பார்ப்பார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். தெரியாது என்றால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். தெரியும் என்றால் அடுத்த வாரம் வேறொரு இலையோடு சண்டைக்கு வருவார்கள். துணிக்கடையோ செல்போன் கடையோ, எங்கே மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தாலும் உங்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் நிற்பது திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில். விவசாய டிப்ளமோ படித்தவன் என்பதால் வருகிறவர்களிடம் முதலாளி என்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்துவார். அவர்கள் போனதும் மூட்டை தூக்கச் சொல்வார். கடையில் நடந்தவை சிலதும், கடையிலிருந்து என் பின்னாலேயே வீடுவரை வந்தவை சிலதும் இதில் உண்டு. வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் சிங்கப்பூரில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து, முதுகு போய், திரும்பி வந்தான். ஒரு சம்பா போகம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். அவன் எழுந்து நடமாட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அப்போது வேறு வேண்டுதல் கிடையாது.

எல்லாக் குணமும் உள்ள ரகம்

ஆடியில் விதை வாங்க வருகிறவர்கள் கேட்கிற நெல் இன்னும் பிறக்கவில்லை. சன்ன ரகமாக இருக்க வேண்டும், ஆனால் மூட்டை நிறையக் காண வேண்டும். சீக்கிரம் அறுப்புக்கு வர வேண்டும், ஆனால் மழையில் சாயக்கூடாது. சோறு ருசிக்க வேண்டும், வியாபாரியும் முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பெரியவர் இத்தனையும் கேட்டுவிட்டு, வைக்கோலும் மாடு விரும்பித் தின்கிற மாதிரி இருந்தால் நல்லது என்றார். அந்த மாதிரி மாப்பிள்ளையே கிடைப்பதில்லை, நெல்லுக்கு எங்கே போவது என்று முதலாளி கேட்க, பெரியவர் சிரிக்காமல் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனால், அண்ணன் படுத்தபடியே போனைக் காட்டினான். யாரோ வெளிநாட்டு விதை வியாபாரிகளின் பக்கம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எங்கள் கடை விதைப் பையில் இருப்பது மாதிரியே எழுதியிருந்தது. வீரிய ஒட்டு ரகம், இத்தனை வாரத்தில் அறுப்பு, இவ்வளவு உயரம், எலுமிச்சை வாசனை, மிளகுக் காரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது கஞ்சா என்று எனக்கு உறைத்தது. வலி மாத்திரைக்கு அடங்காமல் போனதிலிருந்து அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆள் வைத்துப் பொட்டலம் வாங்குவது எனக்குத் தெரியும்; அம்மாவுக்குத் தெரியாது. அதில் பாதி குச்சி, மீதி என்னமோ தூள், இருமல்தான் மிச்சம் என்றான். சொந்தமாக ஒரே ஒரு செடி வளர்த்தால் சுத்தமாக இருக்கும், தூங்கலாம். ஆனால் ரகம் நல்லதாக அமைய வேண்டும். வாசனையும் வேண்டும், வீரியமும் வேண்டும். செடி குள்ளமாகவும் இருக்க வேண்டும், மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை தெரியக்கூடாது. இத்தனையும் ஒரே செடியில் கிடைக்காது, கிடைத்தாலும் கூடவே ஜெயில் கிடைக்கும் என்று சொன்னேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் கடைக்கு வர்ற சம்சாரி கேக்காததையா நான் கேட்டுட்டேன்? அவர மட்டும் அய்யா போட்டுப் பேசற."

முளைக்காத விதை

விதை முளைக்கவில்லை என்று வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு அம்மா வெண்டை விதையை மண்ணோடு தோண்டி, ஈரத் துணியில் கட்டிக்கொண்டு வந்து மேசையில் அவிழ்த்தார். நான் விதையைத் திருப்பிப் பார்த்தேன். முளை விட்டுத்தான் இருந்தது. விட்ட முளை ஒடிந்திருந்தது. எப்போது தோண்டினீர்கள் என்று கேட்டேன். போட்ட நாளிலிருந்து தினம் காலையில் தோண்டிப் பார்த்து மூடுகிறாராம். வந்ததா இல்லையா என்று தெரிய வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. வீட்டில் அதே நேரத்தில் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. பெங்களூரில் இருக்கும் அண்ணனின் கூட்டாளி ஒருத்தன் பழைய சட்டைகளோடு சேர்த்து அந்த எலுமிச்சை வாசனை ரகத்தில் கொஞ்சம் விதை அனுப்பியிருந்தான். அண்ணன் கட்டிலோரம் ஒரு டம்ளர் மண்ணில் போட்டுத் தினம் கிளறிப் பார்த்ததில், முளைத்தது ஒன்றே ஒன்று. அது தலை காட்டிய அன்று, சுவரைப் பார்த்தே கிடந்த ஆள், டம்ளரோடு சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தான், ஆனால் ஏறிவிட்டான். மறுநாள் உட்காரவில்லை. என்ன செடி என்று அம்மா கேட்டதற்கு, சிங்கப்பூரில் முதுகுவலிக்குக் கொடுக்கிற மூலிகை என்றான். அம்மா உடனே தன் தூதுவளைத் தொட்டியை நகர்த்தி, நல்ல வெயில் விழுகிற இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தாள். பிறகு கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னிடம் வந்தாள்.

"இத்தனை மாசம் முதுகு நீவி விட்டது நானு. பேர் வாங்கிக்கிறது செடியா? சரி, வாங்கிட்டுப் போவட்டும்."

கீரைப் பாத்தி

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஏட்டு ஒருவர் உண்டு. வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை, ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறார். அந்த ஐந்து மரத்துக்கும் ஐம்பது ஏக்கர்காரர் மாதிரி மருந்து கேட்பார். ஒரு நாள் யாரோ ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ரிட்டயரான வாத்தியார் ஒருவர் வீட்டுக் கொல்லையில் பாத்தி கட்டிக் கஞ்சா போட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு போய்ப் பார்த்தார். விரல் விரித்த மாதிரி இலை. ஒரு செடி விடாமல் பிடுங்கி, கட்டாகக் கட்டி, வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். வாத்தியார் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்ததை அவர் காதில் வாங்கவில்லை. ஸ்டேஷனில் இருந்த பெண் போலீஸ் ஒருவர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, புளிப்பு நல்லா ஏறியிருக்கு, கடையலாம் என்றாராம். அத்தனையும் புளிச்சகீரை.

வாத்தியார் மறுபடி கீரை விதை வாங்க எங்கள் கடைக்குத்தான் வந்தார். வாங்கிவிட்டு, இருந்த அத்தனை பேருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். கடைத்தெருவே சிரித்தது; டீக்கடையில் கீரை வடை வேண்டுமா என்று ஏட்டைக் கேட்கிற அளவுக்கு அது வளர்ந்தது. நான் மட்டும் சிரிப்பு வராமல் நின்றேன். எங்கள் வீட்டு மாடியில் இருந்தது கடைந்து சாப்பிடுகிற கீரை இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தென்னைக்கு வண்டு மருந்து வாங்க வந்த ஏட்டு, முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

"இனிமே எவன் வீட்டு எலையையும் நான் ஏறிட்டுப் பாக்கறதா இல்ல மொதலாளி. அது சாமி கழுத்துல கெடந்தாலும் சரி."

சட்டை நெடி

பூச்சி மருந்துக் கடையில் வேலை செய்தால் ஒரு சௌகரியம், பஸ்ஸில் எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் தானாக எழுந்துபோய்விடுவார்கள். சோப்புப் போட்டாலும் அந்த நெடி போகாது. எனக்குப் பெண் பார்க்கும் காலம் வந்தால் கடையை விட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பாள் அம்மா.

ஐப்பசி மழை விட்டு வெயில் வந்ததும் அண்ணனின் செடி பூக்க ஆரம்பித்தது. பூத்ததும் அவன் தேடித் தேடி எடுத்த அந்த வாசனையும் வந்தது. எலுமிச்சை என்று எழுதியிருந்தது உண்மைதான். அதற்கு அடியில் இன்னொரு நெடி இருக்கும் என்பதை யாரும் எழுதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி உலர்த்த வரும்போதெல்லாம் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். என் கடைச் சட்டைகளை எல்லாம் துவைக்காமல் நனைத்து மட்டும் பிழிந்து, செடியைச் சுற்றிக் கொடியில் போட்டுவிட்டான். ஒரு நெடியை இன்னொரு நெடி அடக்கிவிட்டது. வாரம் முழுக்க நான் மீதி இருந்த இரண்டு சட்டையை மாற்றி மாற்றித் துவைத்து, ஈரத்தோடு கடைக்குப் போனேன். ஒரு நாள் அந்த அக்கா என்னைத் தெருவில் நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன்.

"ஒன் சட்டை காயிற வரைக்கும் எங்க வீட்டுல கொசுவே அண்ட மாட்டேங்குது தம்பி. தினம் ஒண்ணு போடு, புண்ணியமாப் போவும்."

பேப்பர் செய்தி

கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். அன்று படித்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. எங்கோ ஓர் ஊரில் ஒருத்தன் வீட்டுத் தொட்டியில் கஞ்சா வளர்த்துப் பிடிபட்டிருக்கிறான். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வளர்த்தால் பத்து வருஷம் வரைக்கும் போடலாம், ஒரு செடி என்றாலும் செடிதான் என்று சட்டம் சொன்னார். நான் விதைப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கினதையே மறுபடி அடுக்கினேன்.

அந்தக் கார்த்திகையில் அண்ணன் வேறு ஆளாக இருந்தான். காலையில் எனக்கு முன்னால் எழுந்தான், சவரம் செய்தான், மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் இழுத்தான். குனிய முடியாதவன் புழு பொறுக்கக் குனிந்தான். ராத்திரி அவன் குறட்டை கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அந்தச் செடியில் ஒரு இலையைக்கூட அவன் இன்னும் பற்றவைக்கவில்லை. அறுப்பு வரட்டும் என்று சொல்லிப் பொட்டலம் வாங்குவதையும் நிறுத்தியிருந்தான். புகைக்காமலே தூங்குகிறாயே, பிறகு எதற்கு இது, எடுத்துவிடலாம், வேறு ஏதாவது வளர்க்கலாம் என்று கெஞ்சினேன். குமாஸ்தா சொன்ன பத்து வருஷத்தையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சொன்னான்.

"இது போச்சுன்னா நான் மறுபடி கீழ போய்ப் படுத்துருவேன்டா. ஜெயில்ல படுத்தா மட்டும் என்ன, சுவருதான் வேற."

ஒரு பிடி

எங்கள் ஊர்க் கைகளுக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது பச்சையாகப் பார்த்தால் ஒரு பிடி யூரியா போடாமல் இருக்க முடியாது. நெல்லுக்குப் போட்டது போக மிச்சத்தை வாழைக்கு, வாழைக்குப் போட்டது போக மல்லிகைக்கு. போடாதீர்கள், வேர் வெந்துவிடும் என்று தொண்டை வறளச் சொல்வோம். சரி தம்பி என்று கேட்டுக்கொண்டு, போகிற வழியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருத்தர் தன் பேத்தி பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கி வந்த கள்ளிச் செடிக்குப் போட்டுவிட்டு, அது கூழாகிப் போனதும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

அம்மாவும் இந்த ஊர்தான். எங்கள் குத்தகை வயலுக்கு மேலுரமாக யூரியா தெளித்துவிட்டு வந்த அன்று, வாளியில் மிச்சம் இருந்ததை மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மகனை எழுப்பி நிறுத்திய செடி, அதற்கு ஒரு வாய் போட்டால் என்ன என்று நினைத்திருக்கிறாள். சாதாரணப் பிடி இல்லை, பாசத்தில் அள்ளிய பிடி. நாலாம் நாள் இலை நுனியெல்லாம் கருகிக் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. அண்ணன் செடி முன்னால் உட்கார்ந்து போனில் ஏதேதோ தேடினான். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எழுந்திருக்க நேரமானது. நான் மண்ணைக் கிளறியதும் கரையாத யூரியா மணி இரண்டு கையில் வந்தது. கீழே போய் அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"பயிருக்குத்தானே போட்டேன், பாலிடாலா ஊத்துனேன்? அவன்கிட்ட சொல்லிக் கொடுத்துடாத."

அம்மா வந்த அன்று

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அம்மா ஒரு நாளும் கடைப்படி ஏறினதில்லை. நான் மூட்டை தூக்குவதைப் பார்க்கப் பிடிக்காது என்பாள். அன்று கடையில் நல்ல கூட்டம். ஏட்டு யூனிபாரம் இல்லாமல், வேட்டியோடு, யூரியா அடுக்குக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தன் எலுமிச்சை இலையில் ஓடிய வெள்ளைக் கோட்டைப் பற்றி முதலாளியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். இலை மேசைமேல் கிடந்தது. அப்போது அம்மா உள்ளே வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நேராக முதலாளிக்கு எதிரில் போய், ஈரத் துணியை அவிழ்த்து, இலையை ஏட்டின் எலுமிச்சை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய இலை. ஏழு விரல், ஏழின் நுனியும் கருகியிருந்தது. இது தேறுங்களா என்று கேட்டாள்.

முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக இலை பார்க்கிறவருக்கு இதைத் தெரியாமலா இருக்கும். அவர் கண் இலையிலிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து இலைக்குப் போனது. இந்த நேரத்தில் ஏட்டு ஸ்டூலோடு முன்னால் நகர்ந்து, அது என்ன இலை என்று கேட்டார். என் கையில் இருந்த மருந்து பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டியில் இருந்தாலும் ஏட்டை அடையாளம் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. குரல் கொஞ்சமும் மாறாமல், புளிச்சகீரைங்க என்றாள். மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ஏட்டின் முகம் சிவந்தது. தன் எலுமிச்சை இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டூலைத் தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி கருகின இலையை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது வெறும் யூரியா வேக்காடு. நாலு குடம் நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் தேறிவிடும். அது எனக்கும் தெரியும், செடி தானாகப் பட்டுப்போகட்டும் என்று வீட்டில் சொல்லாமல் இருந்தேன்; அவருக்கும் தெரியும். எதற்கும் மருந்து இல்லை என்று சொல்லி ஒருத்தரையும் அனுப்பாத மனிதர், அன்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொல்லும்போது கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மருந்து கெடையாதும்மா. இன்னிக்கே வேரோட எடுத்துப் பொதச்சிடுங்க. விட்டா, பக்கத்துல நிக்கிறதையும் சேத்துக் காவு வாங்கிடும்."

குடைமிளகாய்

முதலாளி சொன்னதை அம்மா செய்தாள். கடையில் சொல்வதை ஒரு மாற்றமும் இல்லாமல் செய்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான். நான் வீடு திரும்பியபோது கொல்லையில் மண் புதிதாகக் கிளறியிருந்தது, அதன்மேல் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டிருந்தாள். அண்ணன் அன்று ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டப் போயிருந்தான். வந்ததும் மாடிக்குப் போனான். வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். சத்தம் போடுவான், சாமானை எறிவான், யார் செய்தது என்று கேட்பான் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

நான் விடவில்லை. கடையில் இருந்ததிலேயே நல்ல விதையாகப் பார்த்து எடுத்துவந்தேன். வீரிய ஒட்டுத் தக்காளி, குட்டை ரகக் கத்தரி, மூன்று நிறத்தில் குடைமிளகாய். விதைப் பைகளை அவன் தலைமாட்டில் வைத்தேன். எது போடலாம், நீயே சொல் என்றேன். அவன் கையை நீட்டி அவற்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். நானே போட்டேன். ஒன்று விடாமல் முளைத்தது. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் குடைமிளகாயைப் பார்த்து, கை ராசிக்காரன் என்று என்னைப் புகழ்ந்தார். நேற்றுக்கூட ஒன்றைப் பறித்து அண்ணனிடம் காட்டினேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தலையணைக்கு அடியில் பஸ் ஸ்டாண்டுப் பொட்டலம் கசங்கிக் கிடந்தது. மறுபடி இருமல் வந்திருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா அந்தக் குடைமிளகாயை நறுக்கி வதக்கியிருந்தாள். எனக்குப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவனுக்கும் ஒரு தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள்; அது எடுக்கப்படாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். உள்ளே அவன் இருமுகிற சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"பூத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டா அது என்னன்னு. தெரிஞ்சுதான் எலைய ஒங்க கடைக்கு எடுத்துட்டு வந்தேன், அவன் எந்திரிச்சு நடக்கறானேன்னு. அப்புறம் ஒங்க மொதலாளி மூஞ்சியப் பாத்தேன், ஒன் மூஞ்சியப் பாத்தேன், வந்து புடுங்கிட்டேன். நீ படிச்சவன், சொல்லு. புடுங்குனது சரியா?"

எந்த இலையைக் கொண்டுவந்து போட்டாலும் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிற கடை எங்களுடையது. பிடுங்கின பிறகு வந்து இப்படிக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கத்தான் எந்தக் கம்பெனிக்காரனும் இதுவரை ஒன்றும் கொண்டுவந்து இறக்கவில்லை.